சீனி டப்பாவைப் பூட்டிய அம்மா, ஓடிப்போன மகளுக்கு எழுதுவது

நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் இருக்கும் பெரியவர்கள், சிறியவர்கள், எதையும் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் சித்தப்பாமார்கள் அனைவருக்கும் கனத்த இதயத்துடன் அறிவிப்பது யாதெனில்: ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சீனி டப்பாவுக்குப் பூட்டுப் போட்ட நாளிலிருந்து ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்த எறும்புகள், இன்று காலையில் திரும்பி வந்துவிட்டன. ஜன்னல் ஓரமாக, வரிசை கலையாமல், கட்சி மாநாட்டுக்கு வேன் ஏறி வந்தவர்கள் மாதிரி வந்தன. பூட்டை நானே என் கையால் திறந்து வைத்தேன். மாலை மரியாதை எதுவும் செய்யவில்லை; அவற்றின் கழுத்தளவு எனக்குத் தெரியாது. இத்துடன் செய்தி முடிந்தது. இனி வருவது நான் என் மகளுக்கு எழுதும் கடிதம். மற்றவர்களும் படிக்கலாம் என்று சொல்ல மாட்டேன், படித்தே ஆக வேண்டும். ஏன் என்பது பாதி வழியில் தெரியும்.

மகளே, எனக்கு வயது பதினேழு, உனக்கு நாற்பத்திரண்டு. பத்து மாதம் சுமந்து என்னைப் பெற்றதும் நீதான். குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது எனக்கு மந்திரிக்க ஆள் பார்க்கப் போகிறார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். அப்பா லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பிய அன்று, நம் ஊர் ஸ்டேஷனில் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “ஏலே, அவளுக்குப் பெத்த தாயும் இல்ல, கூடப் பொறந்த அக்கா தங்கச்சியும் இல்ல. இனிமே நீதாம்லே அவளுக்கு அம்மா. பாத்துக்கோ.” ரயில் நகர்ந்து, கடைசிப் பெட்டியும் போன பிறகு, நீ தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாய். முதல் கீமோ டிரிப்ஸ் ஏறியதில் முடியெல்லாம் கொட்டி வழவழவென்று இருந்த மண்டையை என் பக்கம் சாய்த்து, “அம்மா, ரெட்டைச் சடை பின்னி விடும்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்றாய். அங்கே டீ விற்றுக்கொண்டிருந்தவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டீயைக் கீழே ஊற்றினார். நான் உன் உச்சந்தலையில் விரலால் வகிடு எடுத்தேன். அன்றிலிருந்து நான் அம்மா, நீ மகள். பதவிப் பிரமாணம் முறைப்படிதான் நடந்தது.

இப்போது அந்த மகள் வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டாள். போனது எங்கே என்று தெரியாத ஓட்டமும் இல்லை. டவுன் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து மடவார் வளாகத்தில் இருக்கும் மாமா வீடு. நான் ஒன்றும் கவலைப்படவில்லை. இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டை அருமையாக நடத்துகிறேன். நேற்று சாம்பார் வைத்தேன், தெருவே மணத்தது. நிம்மதியாகத் தூங்குகிறேன். நம் சாப்பாட்டு மேசையில், ஃபேனுக்குக் கீழே, காலை ஆட்டிக்கொண்டு சாவகாசமாக இதை எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து நடப்பது கால் மரத்துப் போவதால்தான். நீ ஆன்லைனில் இருக்கிறாயா என்று பார்ப்பது விரல் வழுக்குவதால்தான். செத்த இரு, மாடு ஒன்று வந்து... ஒன்றுமில்லை, மேசை ஆடியது.

ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அம்மாக்கள் தெரிந்த கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், நீயே சொல்லியிருக்கிறாய். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதை நீ யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாய். பேண்டேஜ் கம்பெனியில் பக்கத்து சீட்டு அக்காதான் உன்னை இழுத்துக்கொண்டு போனாள். மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுத் துளிச் சதை எடுத்தார்கள். அந்த இடத்தில் ஒரு கட்டுப் போட்டார்கள். நான் பயத்தில் சுவரில் இருந்த படத்தையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க, நீ குனிந்து உன் நெஞ்சில் இருந்த துணியை விரலால் தடவி, “இது நம்ம ஊரு துணி இல்லம்மா. மடிப்பு லூசு. ஓரத்துல நூலு பிரியுது பாருங்க” என்று நர்ஸிடம் புகார் சொன்னாய். பத்து வருஷமாக அந்தத் துணியை மடித்து அடுக்கியவள். உனக்கு என்ன வந்திருக்கிறது என்பதைவிட, வந்த இடத்தில் ஒட்டியிருந்த துணி சரியில்லை என்பதுதான் உனக்குப் பெரிதாக இருந்தது. அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தபோது வரவில்லை.

ரிப்போர்ட் வந்த அன்று மத்தியானம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கோட்டு மாட்டிய ஒரு மனிதர், கண்ணை உருட்டிக்கொண்டு, இந்த நோய்க்குத் தீனியே சீனிதான், சீனியை நிறுத்தினால் நோய் பட்டினி கிடந்து செத்துவிடும் என்றார். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஏனென்றால் அதுவரை எனக்குச் செய்வதற்கு எந்த வேலையும் இல்லை. டாக்டர்களுக்கு வேலை இருந்தது, அப்பாவுக்கு லீவு கேட்கிற வேலை இருந்தது, உனக்குப் படுத்துக் கிடக்கிற வேலை இருந்தது. எனக்குச் சும்மா இருக்கிற வேலை. அது எனக்கு வராது, நீயே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறாய். அதனால் அன்று சாயங்காலமே சீனி டப்பாவுக்குப் பூட்டுப் போட்டேன். சைக்கிள் பூட்டு. வெல்லம் போயிற்று, வாழைப்பழம் போயிற்று, பிறகு இட்லி போயிற்று, சோறு கைப்பிடி அளவுக்குக் குறைந்து அதுவும் போயிற்று. கீரை, வெண்டைக்காய், பாகற்காய்ச் சாறு. நீ முகத்தைச் சுளித்தால், “குடிடா தங்கம், வாயத் திற, காக்கா பாரு” என்று நீ எனக்குச் சின்ன வயதில் சொன்னதையே சொல்லி ஊற்றினேன். நீ சிரித்துக்கொண்டே குடித்தாய். உனக்குத் துணையாக நானும் அன்றிலிருந்து சீனியைத் தொடவில்லை என்பதை இந்த இடத்தில் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில்தான் நூர்ஜகான் பெரியம்மா அறிமுகமானது. நம் ஊர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் வீட்டுக்காரம்மா. அவருக்கும் உனக்கு வந்த அதே நோய், அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. போதாததற்குச் சர்க்கரை வியாதியும்; அவரும் சோற்றைக் குறைத்துவிட்டார் என்று கேட்டதும் என் பூட்டின்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வந்தது. சீனி மாதிரியான ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று படம் பிடிக்கிற ஸ்கேன் அது. எங்கே அதிகமாகச் சீனி தின்கிறார்களோ அங்கே படம் ஜொலிக்கும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் பெரியம்மா பதறிப்போய், “பேசாமலா? அதுக்கு அந்த நோயே தேவலையே!” என்றார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். படங்கள் வந்ததும் இரண்டு பேருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடைய மார்பில் கல்யாண வீட்டு சீரியல் லைட் போட்ட மாதிரி பளீரென்று இருந்தது. “கடை வாசலுக்கு ஒரு லைட்டு போடுங்கன்னு நாலு வருஷமா கேக்கேன், அவிய கரண்டு பில்லு ஏறிரும்ங்காவ. எனக்குள்ள பாரு, திருவிழாவே நடக்குது” என்று சொல்லிக்கொண்டே அவர் அந்த வெளிச்சத்தைக் கட்டைவிரலால் மறைத்தார். உன்னுடையதில் கட்டி இருந்த இடம் மங்கலாக, திரி கருகிய விளக்கு மாதிரி இருந்தது. தலை மட்டும் இரண்டு பேருக்கும் பிரகாசம். மூளை எப்போதுமே சீனி தின்கிற இடம் என்று அங்கே இருந்தவர் சொன்னார். உடனே நீ, “ஏலே, உன்னைப் படம் எடுத்தா அந்த எடம் இருட்டாத்தாம்லே இருக்கும்” என்றாய். வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நோயாளிகள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு நினைப்பு: மங்கிவிட்டது. என் பூட்டு வேலை செய்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே அந்தப் படத்தை இந்த குரூப்பில் போட்டேன், நினைவிருக்கும். “சீனியை நிறுத்தினோம், நோய் மங்கியது, ஆதாரம் இதோ, இப்படிக்கு டாக்டர் தம்பி” என்று போட்டேன். கும்பிடு போட்ட கைகள் எத்தனை, பூங்கொத்து எத்தனை! ஆலங்குளத்து அத்தை, நீங்கள் உங்கள் தெருவில் இதே நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு அக்காவுக்கு அதை அனுப்பினதாகவும், அவரும் சோற்றை நிறுத்திவிட்டதாகவும் எழுதினீர்கள். எனக்கு அன்று நெஞ்சு விரிந்து சட்டைப் பட்டன் போயிற்று. இந்தக் கடிதத்தை மகளுக்குத் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுவதற்குக் காரணம் இதுதான். பெருமை பேசினது எந்த இடத்திலோ, மூக்கு உடைய வேண்டியதும் அந்த இடத்தில்தான். அத்தை, மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் அந்த அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய், சாப்பிடச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

மகளே, ஒன்றும் இரண்டுமாக டிரிப்ஸ் ஏற ஏற நீ மெலிந்தாய். அது மருந்து செய்கிற வேலை என்று நான் நினைத்தேன். வாயெல்லாம் புண், வாந்தி, அதற்குமேல் என்னுடைய பாகற்காய்ச் சாறு. மாடியில் துணி காயப்போட ஏறினால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவாய். “என்னட்டி, அதுக்குள்ள மூச்சு வாங்குது?” என்று அம்மா தோரணையில் அதட்டுவேன். “கீழ பாத்துக்கிட்டிருக்கேன்ம்மா, தெருவுல யாரு போறான்னு” என்பாய். தெருவில் யாரும் போகமாட்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் பூட்டைத் திறக்க வேண்டி வரும், திறந்தால் உனக்காக நான் செய்துகொண்டிருந்த ஒரே வேலையும் போய்விடும்.

அதற்குள் ஆண்டாள் கோயில் தேரோட்டம் முடிந்து மாமா நம் வீட்டுக்கு வந்தார், கையில் பால்கோவா டப்பா, உள்ளே காகிதத்தில் நூல் சுற்றிக் கட்டிய பொட்டலம். அன்று கிளறியது, டப்பாவின் அடி சூடாக இருந்தது. நீ அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மகளே, அப்பா லீவில் வந்து இறங்கும்போதுகூட நீ அப்படிப் பார்த்ததில்லை. “ஒரு வாய்லே, ஒரே வாய்” என்றாய். நான் முறைத்தேன். மாமா தயங்கித் தயங்கி டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குள் இருக்கும் குரங்கு அப்போதுதான் விழித்தது. பால்கோவாவை எடுத்துத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டு, சுரைக்காயைத் துருவி, வேகவைத்து, நீர் வடித்து, அதே காகிதத்தில் வைத்து, அதே நூலால் கட்டினேன். மறுநாள் மத்தியானம், “போனாப் போவுது, உனக்குத்தான், சாப்பிடு” என்று நீட்டிவிட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனில் படம் பிடித்தேன். நீ கையைக் கழுவினாய். சேலையில் துடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். காகிதத்தைப் பிரித்து, ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைத்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். மென்றாய். விழுங்கினாய். நீ கத்துவாய், துடைப்பத்தைத் தூக்குவாய், இரண்டு பேரும் வீட்டைச் சுற்றி ஓடுவோம் என்று காத்திருந்தேன். நீ அந்தக் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே, கம்பெனித் துணியை மடிப்பது மாதிரி, ஓரம் பார்த்து மடித்தாய். நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாய். “நல்லாருக்குலே” என்றாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

மறுநாள் நான் டியூஷனிலிருந்து வந்தபோது வீட்டில் நீ இல்லை. போனில் உன் குரல் மட்டும் வந்திருந்தது. குரூப்பில் உள்ளவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன். “ஏலே, நான் தம்பி வீட்டுக்குப் போறேன். வியாழக்கிழமை டிரிப்ஸுக்கு நான் வரல. பசியோட படுத்து, பசியோட எந்திரிச்சு, அதுக்கு மேல மருந்தையும் தாங்க எனக்குத் தெம்பு இல்ல. உனக்கு அம்மாவா இருந்தப்ப நான் உன்னை ஒருநாளும் பட்டினி போட்டதில்லலே.” அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன், எனக்கு எப்போதும் பதில் இருக்கும். நீ களைத்துப் போய்ச் சொன்னாய். அதன் பிறகு அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தேன். சிரிப்புக்காக எடுத்த வீடியோ. அதில் நீ கிள்ளு எடுத்து வாய்க்குக் கையைத் தூக்கும்போது வளையல் வழுக்கி முழங்கை வரை போகிறது. கையை இறக்கும்போது மணிக்கட்டுக்கு வருகிறது. தினமும் பக்கத்திலேயே இருந்தும் அதை நான் பார்க்கவில்லை, போன் பார்த்திருக்கிறது.

டிரிப்ஸை நீ நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் நூர்ஜகான் பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். அவருக்கு மறுநாள் மதுரையில் ரத்தப் பரிசோதனை. நடந்ததைச் சொன்னதும், “ஏலே, நான் சோத்தைக் கொறச்சது சர்க்கரை வியாதிக்குலே! நான் மாத்திரை போடுதேன்னா அதையும் அவளுக்குப் போடுவியா? ஒரு பொம்பளைக்குத் தச்ச ரவிக்கையை எல்லாருக்கும் மாட்டிவிடப் பாக்கியே!” என்று தலையில் நங்கென்று ஒன்று வைத்தார். மறுநாள் என்னையும் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, பாகற்காய், சுரைக்காய், எல்லாம். அவர் திட்டவில்லை. “உங்க அம்மா ஏன் மெலியறாங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். பசி எடுக்கலைன்னுதான் சொன்னாங்க. நீ சாப்பாட்டை நிறுத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லலை” என்றார். மகளே, அந்த அறையில் ஃபேன் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் காது சூடாக இருந்தது.

“அப்ப அந்தப் படம் மங்கலா இருந்துச்சே, டாக்டர்?” என்றேன். கடைசியாக ஒரு கை பார்த்துவிடலாம் என்று. நூர்ஜகான் பெரியம்மா தன் படத்தைத் தானே பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். டாக்டரம்மா சொன்னார்: “ரெண்டு பேருக்கும் நோய்க்கு ஒரே பேரு. ஆனா ரெண்டு கட்டியும் ரெண்டு சமையக்கட்டு. இவங்களோடது சீனியை அள்ளி அள்ளித் தின்னு, முழுசா எரிக்காம பாதியில துப்பிட்டு அவசரமா வளர்ற வகை. அதான் அவ்வளவு வெளிச்சம். உங்க அம்மாவோடது உடம்புல சுரக்கிற ஹார்மோன் சொல்றதைக் கேட்டு மெதுவா வளர்ற வகை. அதுக்குச் சீனி மேல அவ்வளவு ஆசை கிடையாது. கொழுப்பையும் மத்ததையும் மூச்சுக்காத்தை வச்சு நிதானமா எரிச்சுக்கும். மங்கலாத் தெரிஞ்சா அது சின்னதாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை தம்பி. சீனியை அதிகம் தொடலைன்னு மட்டும்தான் அர்த்தம்.” அது போதாது என்று இன்னொன்றும் சொன்னார். ஒரே கட்டிக்குள்ளேயே ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி இருக்குமாம். ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றை எரித்துப் பிழைக்கிற சாமர்த்தியமும் சிலதுக்கு உண்டாம். “இவங்களோட கட்டிக்குச் சீனி பிடிக்கும்னு இவங்களைப் பட்டினி போட்டாலும் அது பட்டினி கிடக்காது. சாப்பாட்டை நிறுத்தினா உடம்பு தன் தசையையே கரைச்சு ரத்தத்துக்குச் சீனி பண்ணிக் குடுத்துரும். மெலியறது ஆளு. கட்டி இல்லை.”

குடிக்காத மனுஷனைத் திருத்துவதற்காக ஊரில் இருக்கிற கடையையெல்லாம் மூடியிருக்கிறேன், மகளே. அந்த ஆளுக்குக் கடை இருக்கிற தெருவே தெரியாது. பூட்டுப் போட்டதில் தண்டனை அனுபவித்தது நீயும் எறும்பும்தான்.

டாக்டரம்மா பேசிக்கொண்டே இருக்க, எனக்கு மாமாவின் பால்கோவாக் கொட்டகை கண்ணுக்கு வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். அங்கே ஒரு பக்கம் கேஸ் அடுப்பு, இன்னொரு பக்கம் விறகு அடுப்பு. கேஸ் அடுப்பில் பெரிய சட்டி நிறையப் பால் கொதிக்க, மாமா துடுப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாகப் போய் சிலிண்டரை மூடிவிட்டு, சீனி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மாமா குதிப்பார், பால் கெடும், ஊரே கூடும் என்று காத்திருந்தேன். மாமா அணைந்த அடுப்பை ஒரு பார்வை பார்த்தார். வேலைக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகச் சட்டியைத் தூக்கி விறகு அடுப்பில் வைத்தார். துடுப்பு நிற்கவில்லை. பால்கோவா வழக்கம்போல வந்தது. பிறகு மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “ஏலே, பாலுக்குத் தெரியுமா எந்த அடுப்புன்னு? வெளிய வா” என்றார். நீ வந்து என் காதைத் திருகினாய். அந்தக் காது இன்றும் கொஞ்சம் நீளம். நூர்ஜகான் பெரியம்மாவின் கட்டி கேஸ் அடுப்பு, உன்னுடையது விறகு அடுப்பு. நான் இத்தனை மாதமாக அந்த மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதே பையன்தான். எந்த அடுப்பு எரிகிறது என்று பார்க்காமலே ஒரு சிலிண்டரை மூடிவிட்டு, ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எந்தக் கட்டி எந்த அடுப்பில் எரிகிறதோ அதைப் பார்த்து மூடுகிற மருந்துகளை எங்கெங்கோ தேடிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். “அது சமையக்கட்டுல நடக்கிற வேலை இல்லை தம்பி. உன் வேலை அம்மாவுக்குச் சோறு போடறது” என்றார் டாக்டரம்மா. உனக்கு ஏறுகிற மருந்து உன்னுடைய வகைக்கென்று பார்த்துக் கொடுக்கிறதாம், அது நன்றாகவே கேட்கிறதாம், கட்டி கைக்கே சிறிதாகத் தெரிகிறதாம். நடுவில் விடத்தான் கூடாதாம். சோறு, பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் சாப்பிட வேண்டும். பால்கோவா சாப்பிடலாமா என்று கேட்டேன். “டப்பாவோட வேண்டாம். ஆசைக்குச் சாப்பிடட்டும்” என்றார். பக்கத்தில் இருந்த பெரியம்மா, “எனக்கு?” என்றார். “உங்களுக்கு வாசம் மட்டும்” என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும் பஸ்ஸில் பெரியம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திருமங்கலம் தாண்டியதும், “வெளிச்சமா எரிஞ்சா சீக்கிரம் முடிஞ்சுரும்னு இல்லைல்லா தம்பி? டாக்டரம்மா அப்படிச் சொல்லலைல்லா?” என்று கேட்டார். “சொல்லலை பெரியம்மா. உங்களோடதும் மருந்துக்கு நல்லாக் கேக்குதுன்னுதான் சொன்னாவ” என்றேன். அது உண்மை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ராஜபாளையம் வரும்வரை விடவில்லை. அவர் உனக்குச் சொல்லி அனுப்பியது: “வியாழக்கிழமை பக்கத்து சேர் காலியாக் கிடந்தா நான் யாருகூடப் பேசுதது?”

இப்போது பெற்றவள் என்ற முறையில் உனக்குச் சில புத்திமதிகள். மாமா வீட்டில் வெட்கப்படாமல் சாப்பிடு. அத்தை பாத்திரம் கழுவ விடமாட்டாள், நீயும் திருட்டுத்தனமாகப் போய்க் கழுவாதே. வாய்ப் புண்ணுக்குக் காரம் போடாமல் குழைய வடிக்கச் சொல். யார் எதை போனில் அனுப்பினாலும், அவர் கோட்டு மாட்டியிருந்தாலும், பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும், அது உனக்குத் தைத்த ரவிக்கைதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள். அம்மாக்கள் சொல்வதெல்லாம் சரி என்று நம்பிவிடாதே. பயந்துபோன அம்மாக்கள்தான் ரொம்ப உறுதியாகப் பேசுவார்கள். நீ என்மேல் கோபத்தில் என்ன வேண்டுமானாலும் செய், என் போனைக் கிணற்றில் போடு, டியூஷன் சாரிடம் என் மார்க்கைச் சொல், குரூப்பில் என் குழந்தைப் போட்டோவை, அந்தப் போட்டோவை, போடு. வியாழக்கிழமையை மட்டும் விட்டுவிடாதே. என்னைத் தண்டிப்பதற்கு அந்த நாளை எடுத்துக்கொள்ளாதே. வேறு எந்த நாளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

இங்கே கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டு முடித்திருக்க வேண்டும். முடிக்க முடியவில்லை. ஏனென்றால் படித்தவர்கள் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. நீ குரூப்பைத் திறந்துவிட்டாய், நான் அனுப்ப அனுப்பப் பத்தி பத்தியாகப் படித்துக்கொண்டு வருகிறாய். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோர் முன்னாலும்.

நான் நம் வீட்டு மேசையில் இல்லை. பெஞ்சை முட்டியது உண்மையிலேயே மாடுதான். மாமாவுடைய சிவப்பு மாடு. எறும்புகளுக்கு டப்பாவைத் திறந்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறி வந்தேன். காலையிலிருந்து மாமா வீட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் தட்டப் போகிறேன், பாதித் தெருவில் திரும்பி வருகிறேன். கால் மரத்ததெல்லாம் இல்லை. டீக்கடைக்காரர், “தம்பி, உள்ள போ, இல்லாட்டி இன்னொரு டீ குடி, ரெண்டுல ஒண்ணு செய்யி” என்கிறார். இன்னொரு டீ குடித்தேன். சீனி போட்டு. சாம்பார் வைத்தேன் என்றது பொய். பருப்பு கருகித் தெரு மணந்தது மட்டும்தான் நிஜம். நீ போன நாளிலிருந்து பன்னும் டீயும்தான். தூக்கமும் பொய். மாமா கொண்டுவந்த அந்தப் பால்கோவாவை நாய்க்குப் போட்டேன் என்றேனே, நம் தெருவில் நாயே கிடையாது. மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, முழு டப்பாவையும் நானே தின்றேன். நீ நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற அந்தப் படியைத் தாண்டித்தான் ஏறிப் போனேன். இன்று உனக்கென்று பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த டப்பாவும் என் மடியில்தான் இருக்கிறது. பயத்தில் கிள்ளிக் கிள்ளி ஓரமெல்லாம் போய்விட்டது. நடுவில் கொஞ்சம் இருக்கிறது. அது உனக்கு.

என்னால் இந்த அம்மா வேலை பார்க்க முடியவில்லை. நீயே திரும்ப எடுத்துக்கொள். ஜன்னல் திரை அசைகிறது, யார் என்று தெரிகிறது. கதவைத் திற. எனக்குப் பசிக்குது, அம்மா.